மூச்சில் இழுத்தது முழங்காலுக்கு எப்படிப் போகிறது?

திருகோணமலை மீன் சந்தையில் பூவைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவர்கள் குறைவு. செவுளைத்தான் நாங்கள் பூ என்போம். மூடியை விரலால் நெம்பிப் பார்ப்பார்கள். இரத்தச் சிவப்பாக இருந்தால் விலை கேட்பார்கள். மண்ணிறமாக மங்கியிருந்தால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது, செத்த மீனில் அது ஏன் மங்குகிறது என்று யாராவது கேட்டால், நம் உடம்புக்குள் ஒட்சிசன் பயணம் செய்யும் கதையில் பாதியையாவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஒட்சிசன் என்பது எங்கள் பாடப்புத்தகச் சொல். ஆக்சிஜன் என்று படித்தவர்கள் அப்படியே வாசித்துக்கொள்ளலாம்.

மற்றப் பாதியை என் அக்காவிடமிருந்து தெரிந்துகொண்டேன். சிவராத்திரிக்கு முதல் நாள் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை ஏற்றம்தான், ஆனால் மலையேற்றம் என்று சொல்லுமளவுக்கு ஒன்றும் இல்லை. மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டுவதற்குள் அக்கா மூன்று இடத்தில் நின்றுவிட்டாள். நெஞ்சு படபடக்கிறது என்றாள். வீட்டுக்கு வந்ததும், கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த, ஒட்சிசன் பார்க்கும் ஒக்சிமீற்றரை அவள் விரலில் மாட்டினோம். 98 வீதம் காட்டியது. "ஒட்சிசன் நல்லாத்தானே இருக்கு" என்று அம்மா ஆறுதல் அடைந்தா. இரண்டு நாள் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது: ஈமோகுளோபின் 7.8. பெண்களுக்கு அது 12க்குக் குறையக்கூடாது. விரலில் மாட்டிய கருவியும் பிழையில்லை, ஆய்வுகூடமும் பிழையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

முதலில், ஒட்சிசனை எதற்காகச் சுமக்க வேண்டும்? ஊதுபத்தியைக் கொளுத்தினால் வாசம் தானாகவே பரவுகிறதே, அதுபோல ஒட்சிசனும் தானாகப் பரவாதா என்றால், பரவும். செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு எந்தச் செலவும் இல்லாமல் நகரும். ஒற்றைக் கலத்தாலான அமீபாவுக்கு அதுவே போதும். ஆனால் பரவலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கைக் கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும் ஒட்சிசன், நெஞ்சிலிருந்து முழங்காலுக்குப் பரவலால் மட்டும் போவதாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பரவலை நம்புகிறது. இடையில் உள்ள நெடுந்தூரத்துக்கு ஓடும் இரத்தத்தை வைத்திருக்கிறது.

தொடக்கம் நுரையீரலில். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரத் துணி போல வளைந்திருக்கும் பிரிமென்றகடு தட்டையாகக் கீழே இறங்கும்போது நெஞ்சறை விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் வருவது சுமார் 500 மில்லிலீற்றர். அதில் 21 வீதம்தான் ஒட்சிசன். வெளியே விடும் மூச்சிலும் சுமார் 16 வீதம் மிஞ்சியிருக்கும். நாம் வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். கடலில் மூழ்கியவரைக் கரையில் போட்டு வாயோடு வாய் வைத்து ஊதுவது வீண்போகாததற்கு இதுதான் காரணம். ஊதுகிறவரின் வெளிமூச்சிலேயே உயிர் காக்கப் போதுமான ஒட்சிசன் இருக்கிறது.

மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் சிற்றறைகளில் முடிகிறது. ஒவ்வொன்றும் மிகச் சிறிய காற்றுப்பை. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து ஏறத்தாழ 30 கோடி உண்டு. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் 70 சதுர மீற்றர் வரும். ஒரு நடுத்தர வீட்டின் தரை அளவு, நெஞ்சுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சிற்றறையின் சுவரும் அதை ஒட்டியோடும் மிக மெல்லிய இரத்தக் குழாயான மயிர்க்குழாயின் சுவரும் சேர்ந்தாலும் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தப் பக்கம் காற்று, இந்தப் பக்கம் இரத்தம். சிற்றறையில் ஒட்சிசனின் அமுக்கம் இரச அளவில் சுமார் 100 மில்லிமீற்றர். உடம்பைச் சுற்றிவிட்டு வரும் இரத்தத்தில் சுமார் 40. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வது போல ஒட்சிசன் இரத்தத்துக்குள் இறங்குகிறது. ஒரு செங்குழியம், அதாவது இரத்தத்தின் சிவப்பணு, அந்த இடத்தைக் கடக்க முக்கால் செக்கன் எடுக்கும். நிறைவதற்குக் கால் செக்கனே போதும். மீதி நேரம், நாம் ஓடும்போது தேவைப்படுகிற சேமிப்பு.

மீனின் பூவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் கடல் போன்ற சூடான உப்புநீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன், அதே அளவு காற்றில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை. அவ்வளவு குறைந்ததைப் பிடிக்க வேண்டுமானால் இரத்தம் நீருக்கு மிக நெருக்கமாக, மிக மெல்லிய தோலுக்கு அடியில் ஓட வேண்டும். அந்த இரத்தம்தான் சந்தையில் நாம் பார்க்கும் சிவப்பு.

சரி, இரத்தத்துக்குள் இறங்கிவிட்டது. அப்படியே கரைந்து போய்விடலாமே? இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு விசயமும் இதில்தான் இருக்கிறது. ஒரு லீற்றர் இரத்தத்தின் திரவப் பகுதியில் கரையக்கூடிய ஒட்சிசன் 3 மில்லிலீற்றர் மட்டுமே. சும்மா சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கிறவருக்கே நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் வேண்டும். கரைசலை மட்டும் நம்பினால் இதயம் நிமிடத்துக்கு 80 லீற்றருக்கு மேல் இறைக்க வேண்டும். உண்மையில் அது இறைப்பது 5 லீற்றர். அந்த 5 லீற்றரில் எப்படிச் சமாளிக்கிறோம் என்றால், ஒரு லீற்றருக்கு 3 அல்ல, 200 மில்லிலீற்றரை ஏற்றிக்கொள்கிறோம். ஏற்றிக்கொள்வது ஈமோகுளோபின். இரத்தத்தில் போகும் ஒட்சிசனில் 98 வீதத்துக்கு மேல் அதன் தோளில்தான் போகிறது.

ஈமோகுளோபின் ஒரு புரதம். நான்கு சங்கிலிகள் சுருண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் ஈம் என்கிற தட்டையான வளையம், வளையத்தின் நடுவில் ஓர் இரும்பு அணு. ஓர் இரும்புக்கு ஓர் ஒட்சிசன் மூலக்கூறு என்று நான்கு இருக்கைகள். இப்படிப்பட்டவை ஒரே செங்குழியத்துக்குள் சுமார் 27 கோடி நெருங்கிக் கிடக்கின்றன. இடம் போதவேண்டும் என்பதற்காகவே நம் செங்குழியம் வளரும்போது தன் கருவைக் கழற்றி வீசிவிடுகிறது. மீனின் செங்குழியத்தில் கரு அப்படியே இருக்கும். இழைமணிகளையும் நம்முடையது வைத்திருப்பதில்லை. அதாவது ஒட்சிசனைப் பயன்படுத்தும் கருவியே அதனிடம் இல்லை. சுமக்கிற பொருளில் ஒரு துளியைக்கூடத் தான் தின்னாத சுமைகாரன். ஏறக்குறைய 120 நாள் ஓடிவிட்டு அழிகிறது. எலும்பு மச்சை செக்கனுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமான புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நங்கூரச் சங்கிலியிலிருந்து யன்னல் கம்பி வரை எல்லாம் துருப்பிடித்துக் கொட்டுகிறது. துருப்பிடிப்பதில் திரும்பும் வழி இல்லை. ஈமோகுளோபினின் அருமை இங்கேதான். அந்த வளையமும் சுற்றியுள்ள புரத மடிப்பும் இரும்பைப் பொத்திப் பாதுகாப்பதால், ஒட்சிசன் வந்து ஒட்டும், ஆனால் இரும்பு துருவாகாது. ஆகவே திரும்ப விடவும் முடியும். உயிர் இருக்கும்வரை செங்குழியத்தில் உள்ள நொதியங்கள் இந்த நிலையைக் காத்துவருகின்றன. மீன் செத்த பிறகு காக்க ஆள் இல்லை. இரும்பு மெல்ல ஒட்சியேற்றமடைந்து ஒட்சிசனைச் சுமக்க முடியாத மண்ணிற வடிவமாகிறது. மங்கிய பூவைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிற அம்மாக்கள் எல்லாரும் ஈமோகுளோபினைத்தான் சோதிக்கிறார்கள்.

எல்லா உயிருக்கும் இரும்புதான் என்றில்லை. கணவாய்க்கும் நண்டுக்கும் செம்பு. அவற்றின் இரத்தம் ஒட்சிசன் ஏறும்போது நீலமாகும்.

பிடித்துக்கொள்வது பாதி வேலைதான். ஒட்சிசனை இறுக்கமாகப் பிடிக்கும் பொருள் எத்தனையோ உண்டு. வேண்டிய இடத்தில் விடத் தெரிந்தது அரிது. எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது இந்த விடுகிற வேலைதான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன் அங்கே பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் கிழக்கில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவை. ஒரு பாதை இந்தக் கரையில் நிறைய வேண்டும், அந்தக் கரையில் காலியாக வேண்டும். இறங்க விடாத பாதையால் யாருக்கு என்ன பயன்?

ஈமோகுளோபினின் நான்கு இருக்கைகளும் ஒன்றையொன்று அறியும். முதல் ஒட்சிசன் வந்து உட்காரும்போது புரதத்தின் முழு வடிவமும் சற்றுத் திரும்புகிறது, அடுத்த இருக்கைகள் திறந்துகொடுக்கின்றன. அதனால் நுரையீரலில் நான்கும் சட்டென்று நிறைகின்றன. 97, 98 வீதம் நிறைந்துதான் இரத்தம் புறப்படுகிறது. இழையங்களில் அமுக்கம் குறைவு. அங்கே ஒன்று இறங்கியதும் மற்றவற்றின் பிடியும் தளர்கிறது. ஓய்வில் இருப்பவரின் இரத்தம் உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போதும் இன்னும் 75 வீதம் நிறைந்தே இருக்கும். நான்கில் ஒன்றைத்தான் இறக்கியிருக்கிறது. இது வீண் சுமையல்ல, கைவசம் உள்ள இருப்பு. கோயில் ஏற்றத்தில் தொடைத்தசை வேலை செய்யத் தொடங்கியதும் அங்கே அமுக்கம் 20 அளவுக்கு விழலாம். அப்போது அதே இரத்தம் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் இறக்கிவிடும்.

அதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. உழைக்கும் தசை சூடாகிறது, காபனீரொட்சைட்டை (கார்பன் டை ஆக்சைடு) வெளிவிடுகிறது, அந்த இடம் சற்று அமிலமாகிறது. இந்த மூன்றும் ஈமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். யாரும் கட்டளை இடவில்லை, நரம்பு எதுவும் செய்தி சொல்லவில்லை. எங்கே உழைப்பு நடக்கிறதோ அங்கே ஒட்சிசன் தானாகவே கூடுதலாக இறங்குகிறது. 1904இல் இதில் காபனீரொட்சைட்டின் பங்கைக் கண்டு சொன்னவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அணுவின் அமைப்பை விளக்கிய நீல்ஸ் போரின் தந்தை.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஈமோகுளோபின். தாயினுடையதை விடச் சற்று இறுக்கமாகப் பிடிக்கும். சூல்வித்தகத்தில், அதாவது நஞ்சுக்கொடியில், இரண்டு இரத்தமும் கலப்பதில்லை, மெல்லிய சுவருக்கு இருபுறமும் ஓடுகின்றன. தாயின் ஈமோகுளோபின் விட, குழந்தையினுடையது எட்டிப் பிடிக்கிறது. காற்றே இல்லாத இடத்தில் ஒரு குழந்தை பல மாதம் வளர்வதற்கு இந்தச் சிறிய வித்தியாசமும் கைகொடுக்கிறது.

இரத்தம் போகும் பாதையைப் பாடசாலையில் எல்லோரும் வரைந்திருப்போம். நுரையீரல் நாளத்தால் இடது சோணையறைக்கு, இடது இதயவறைக்கு, தொகுதிப் பெருநாடிக்கு, கிளைகளுக்கு, மயிர்க்குழாய்களுக்கு. பிறகு நாளங்களால் வலது பக்கம் திரும்பி மறுபடியும் நுரையீரலுக்கு. மயிர்க்குழாய் அவ்வளவு ஒடுக்கமானது என்பதால் செங்குழியங்கள் உடலை வளைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கையில் நீலமாகத் தெரியும் நாளங்களில் நீல இரத்தம் ஓடுவதாகச் சிலர் நம்புகிறார்கள். இல்லை, ஒட்சிசன் குறைந்த இரத்தமும் சிவப்புத்தான், கருஞ்சிவப்பு. தோலின் வழியாக ஒளி போய்வரும் விதம் அதை நீலமாகக் காட்டுகிறது.

தசைக்குள் நுழைந்ததும் ஒட்சிசனை வாங்கிவைக்க இன்னொரு புரதம் காத்திருக்கிறது: மயோகுளோபின். ஒரே சங்கிலி, ஒரே இருக்கை. சூரை மீனை வெட்டினால் சதை கருஞ்சிவப்பாகவும் விளைமீனை வெட்டினால் வெள்ளையாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சூரை ஓயாமல் நீந்தும் மீன், அதன் தசையில் மயோகுளோபின் நிறைய. இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் திருகோணமலைக் கடலிலேயே வந்துபோகும் ஸ்பேர்ம் வேல் என்கிற பெருந்தலைத் திமிங்கிலத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் வரை மூச்சில்லாமல் ஆழத்தில் இருக்கும். அதன் தசை கிட்டத்தட்டக் கறுப்பு. 1958இல் ஜோன் கென்ட்ரு முப்பரிமாண வடிவத்தை வெளிக்கொணர்ந்த முதல் புரதமே இந்தத் திமிங்கிலத்தின் மயோகுளோபின்தான். ஈமோகுளோபினின் வடிவத்தைக் கண்ட மாக்ஸ் பெருட்சோடு 1962இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கடைசித் தரிப்பிடம் கலத்துக்குள் இருக்கும் இழைமணி. உணவிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கும் வேலையின் முடிவில் மிஞ்சும் இலத்திரன்களை ஒட்சிசன் ஏற்றுக்கொள்கிறது, ஐதரசனோடு சேர்ந்து நீராகிறது. நாம் இழுத்த ஒட்சிசன்தான் காபனீரொட்சைட்டாக வெளியே வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள், நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இல்லை. அது நீராகி உடம்போடு சேர்ந்துவிடுகிறது. காபனீரொட்சைட்டு உணவிலிருந்து வருவது. அதன் பெரும்பங்கு இருகாபனேற்றாக (பைகார்பனேட்) இரத்தத்தில் கரைந்து நுரையீரலுக்குத் திரும்பிப் போகிறது.

சுழியோடுகிறவர்களுக்கு இங்கே ஒரு முக்கியமான விசயம். சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்குகிற ஊர் இது, பாறையிலிருந்து குதித்து விளையாடும் பெடியள் நிறைந்த ஊர். குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்துவிட்டால் நிறைய நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஈமோகுளோபின் முன்பே 98 வீதம் நிறைந்திருக்கிறது. வேகமூச்சால் கூடுதலாக ஏறுவது மிகச் சொற்பம். மாறாக, காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. மூச்செடு என்று மூளையை உந்துவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதல்ல, காபனீரொட்சைட்டு கூடுவதுதான். அதைக் கழுவிவிட்டு இறங்குகிறவருக்கு அந்த உந்தல் வர முன்னரே ஒட்சிசன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் மூழ்குகிறார்கள். தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இனி அக்காவின் 98க்கு வருவோம். 1970களில் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகியின் யோசனையில் பிறந்த ஒக்சிமீற்றர், விரலுக்குள் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்துகிறது. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் ஏறாததும் இந்த ஒளிகளை வெவ்வேறு அளவில் விழுங்கும். அந்த வித்தியாசத்திலிருந்து, இருக்கிற ஈமோகுளோபினில் எத்தனை வீதம் நிறைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. எவ்வளவு ஈமோகுளோபின் இருக்கிறது என்று அது சொல்லாது. அக்காவின் ஈமோகுளோபின் மிதவைகள் எல்லாம் நிறைந்துதான் போய்க்கொண்டிருந்தன, ஆனால் மிதவைகளே குறைவு. 7.8 என்றால் ஒரு லீற்றர் இரத்தத்தில் சுமார் 100 மில்லிலீற்றர் ஒட்சிசன்தான் போகும். படுத்திருக்கும்போது அது சமாளிக்கும். ஏற்றத்தில் தேவை பல மடங்காகும்போது, குறையை ஈடுகட்ட இதயம் இன்னும் விரைவாக அடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படபடப்புக்கு அதுதான் காரணம்.

மூடிய அறையில் ஜெனரேற்றர் ஓடுவதாலோ கரி எரிவதாலோ வரும் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்கிற நச்சு வாயுவிலும் இதே கருவி ஏமாறும். அந்த வாயு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதே இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும், ஒளிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆள் மயங்கும் நிலையிலும் திரை நல்ல எண்ணையே காட்டும். எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

அக்காவுக்கு மாதவிடாய்ப் போக்கு நீண்ட நாளாகவே கூடுதல். அதோடு இரும்புச்சத்து போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வைத்தியர் அதற்கு மருந்து தந்து, இரும்புக் குளிசையும் எழுதினார். ஒரு மாதம் போட்டும் பெரிய முன்னேற்றம் இல்லை. கேட்டபோதுதான் தெரிந்தது, காலையில் பிளேன்ரீயோடுதான் குளிசையை விழுங்கியிருக்கிறாள். தேயிலையில் உள்ள தனின் இரும்போடு ஒட்டிக் குடலில் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். உயிர்ச்சத்து சி அதற்கு நேர்மாறு. இப்போது குளிசைக்குத் தேசிக்காய்த் தண்ணீர், பிளேன்ரீ ஒரு மணி நேரமாவது கழித்துத்தான். எலும்பு மச்சை புதிய செங்குழியங்களைச் செய்து பழையவற்றின் இடத்தை நிரப்ப வாரக்கணக்கில் ஆகும், ஆகவே எண் மெதுவாகத்தான் ஏறியது. மூன்றாம் மாதம் 11.6. ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போனபோது மான்கள் இருக்கும் இடத்தில் அவள் நின்றாள், குட்டி ஒன்றைப் படமெடுப்பதற்காக.